நடக்காத குற்றத்துக்கு யாருக்கு விருது? சமூகக் குற்றத் தடுப்புப் பங்களிப்பைப் பாராட்டுவது குறித்து

கலங்கரை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் பகுதியின் குடியிருப்போர் சங்கங்கள் ஒன்றுகூடி, குற்றத் தடுப்பில் சிறப்பாகப் பங்காற்றியவர்களுக்கு ஆண்டுதோறும் ஒரு விருது வழங்குவதென்று முடிவு செய்திருக்கின்றன. விதிமுறைகளை எழுதித் தரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும் வேலை என்று எண்ணித்தான் ஒப்புக்கொண்டேன். மூன்று வாரங்களாகியும் முதல் பத்தியைத் தாண்ட முடியவில்லை.

பரிந்துரைகளை முன்கூட்டியே கேட்டு வாங்கியிருந்தோம். வந்தவற்றில் பெரும்பாலானவை திருடனைத் துரத்திப் பிடித்தவர்களைப் பற்றியவை. சில, கண்காணிப்புக் கேமரா வாங்க நன்கொடை கொடுத்தவர்களைப் பற்றியவை. ஒன்றே ஒன்று வேறு மாதிரி இருந்தது. இரண்டாம் மாடியில் வசிக்கும் ஒரு அம்மையாரைப் பற்றி அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் நான்கு வரி எழுதி, கூடவே ஒரு நோட்டுப் புத்தகத்தின் சில பக்கங்களைப் படி எடுத்து இணைத்திருந்தார். பின்புறப் படிக்கட்டில் எந்த விளக்கு எரியவில்லை, எந்தத் தேதியில் புகார் கொடுக்கப்பட்டது, புகார் எண் என்ன, எந்தத் தேதியில் சரிசெய்யப்பட்டது என்று கோடு போட்டு நான்கு பத்திகளாக எழுதப்பட்டிருந்தது. ஒரே விளக்குக்கு ஐந்து முறை புகார் போயிருக்கிறது. ஒரு பக்கத்தின் ஓரத்தில் வேறு மையில், "வேலிக் கம்பியை மறுபடி வெட்டியிருக்கிறார்கள், அதே இடம்" என்று ஒரு குறிப்பு.

குழுவில் ஒருவர் அந்தத் தாள்களைப் புரட்டிவிட்டு, "இதில் குற்றம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். இல்லை என்பதுதானே விஷயம் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அதை விதிமுறையாக எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடக்காமல் போன ஒன்றை எதை வைத்து அளப்பது, அதற்கு யாரைக் காரணம் என்று சொல்வது? அனுபவமுள்ளவர்கள் கருத்துச் சொல்ல வேண்டுகிறேன்.

மூன்றாம்சாமம்

நண்பர் கலங்கரைக்கு வணக்கம். காவல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். துணிச்சலுக்கான விருதையும் தடுப்புக்கான விருதையும் ஒரே பட்டியலில் வைத்தால், ஒவ்வோர் ஆண்டும் துணிச்சலே வெல்லும். திருடனைத் துரத்தியவரின் கதைக்கு ஒரு தொடக்கமும் உச்சமும் உண்டு. கேட்பவர் கண் விரியும். விளக்குப் புகார் எழுதியவரின் கதையில் நோட்டுப் புத்தகத்தைத் தவிர ஒன்றுமே கிடையாது. இன்னொரு கோணத்தில் பார்த்தால், துரத்திப் பிடிக்க வேண்டிய நிலை வந்ததே தடுப்பு தவறியதற்கான அடையாளம். அவருக்கு நன்றி சொல்லுங்கள், தாராளமாகப் பாராட்டுங்கள், ஆனால் தனியாகச் செய்யுங்கள்.

இந்தத் துறையில் முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. ஆஸ்திரேலியாவில் 1992 முதல் குற்ற, வன்முறைத் தடுப்பு விருதுகள் வழங்கப்பட்டுவருகின்றன. அங்கே காவல் துறை முன்னின்று நடத்தும் திட்டங்களும் சமூகத்தினர் முன்னின்று நடத்தும் திட்டங்களும் தனித்தனிப் பிரிவுகளில் மதிப்பிடப்பட்டன. அமெரிக்காவில் 1993இல், காவல் பணியை ஆராய்ந்த ஹெர்மன் கோல்ட்ஸ்டைன் என்ற அறிஞரின் பெயரால் ஒரு விருது தொடங்கியது. பிரிட்டன் உள்துறை அமைச்சகம் 1999இல் நிக் டில்லி என்ற குற்றவியல் அறிஞரின் பெயரால் இன்னொன்றைத் தொடங்கியது. கடைசி இரண்டிலும் ஆளைப் பார்ப்பதைவிட வேலையைப் பார்ப்பதே வழக்கம். திரும்பத் திரும்ப நடக்கும் ஒரு சிக்கலைக் கண்டறிந்தீர்களா, அது ஏன் அங்கே நடக்கிறது என்று ஆராய்ந்தீர்களா, அந்தக் காரணத்துக்குப் பொருந்தும் நடவடிக்கை எடுத்தீர்களா, எடுத்த பிறகு என்ன ஆயிற்று என்று அளந்தீர்களா என்று நான்கு படிகளாகக் கேட்பார்கள். பெரும்பாலான விண்ணப்பங்கள் இரண்டாவது படியில் தடுக்கி விழும். சிக்கலைச் சொன்ன அடுத்த வரியிலேயே கேமரா வாங்கிய செய்தி வந்துவிடும். ஏன் கேமரா என்ற கேள்விக்கு விடை இருக்காது.

இரண்டாவது படி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நான் எப்போதும் சொல்லும் எடுத்துக்காட்டு இங்கிலாந்தின் ராச்டேல் நகரத்தைச் சேர்ந்த கிர்க்ஹோல்ட் குடியிருப்பு. இரண்டாயிரத்துக்குச் சற்று அதிகமான வீடுகள். 1980களின் நடுப்பகுதியில் வீடு புகுந்து திருடுவது அங்கே மிக அதிகம். ஆய்வாளர்கள் பறிகொடுத்தவர்களிடமும் அவர்களுடைய அண்டை வீட்டாரிடமும் மட்டுமல்லாமல், தண்டனை பெற்ற திருடர்களிடமும் பேசினார்கள். இரண்டு விஷயங்கள் தெரியவந்தன. ஒருமுறை திருட்டுப் போன வீட்டிலேயே மறுபடி திருட்டுப் போகும் வாய்ப்பு மற்ற வீடுகளைவிட மிக அதிகம் என்பது ஒன்று. பல வீடுகளில் காசு போட்டால் எரிவாயுவும் மின்சாரமும் வரும் மீட்டர்கள் இருந்தன, திருடர்கள் அவற்றை உடைத்துக் காசை அள்ளிப் போனார்கள் என்பது மற்றொன்று. வீட்டுக்குள்ளேயே ஓர் உண்டியல் நிரம்பிக்கொண்டிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீட்டர்களை மாற்றினார்கள். திருட்டுப் போன வீட்டைச் சுற்றியுள்ள சில வீட்டாரை மட்டும் சேர்த்து, அந்த ஒரு வீட்டைக் கவனித்துக்கொள்ளச் சொன்னார்கள். ஐந்து மாதங்களில் திருட்டுகள் முன்பிருந்த அளவில் 40 விழுக்காடாகக் குறைந்தன; மூன்றாண்டுகளில் கால் பங்காயின.

இதில் விருது யாருக்கு? மீட்டரை மாற்ற ஒப்புக்கொண்ட நிறுவனத்துக்கா, கேள்வி கேட்ட ஆய்வாளருக்கா, பக்கத்து வீட்டுக் கதவில் ஒரு கண் வைத்திருந்தவருக்கா? இந்தக் கேள்விக்கு ஒற்றைப் பெயரை விடையாகத் தர முடியாத இடத்தில்தான் நல்ல தடுப்பு நடந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

எதிர்க்கரை

மூன்றாம்சாமம் ஐயா சொன்னதில் மறுக்க ஒன்றுமில்லை. ஆனாலும் விருது என்ற ஏற்பாட்டின் மீதே எனக்கு நம்பிக்கை குறைவு, அதற்குக் காரணமும் உண்டு.

1970களில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், ராவே சிறைக்குள் பதின்பருவத்தினரை அழைத்துப்போய், ஆயுள் கைதிகளைக் கொண்டு அவர்களை அதட்டி மிரட்டும் ஒரு திட்டம் நடந்தது. சிறை வாழ்வின் கொடுமையைக் கண்டால் பையன்கள் திருந்திவிடுவார்கள் என்பது எண்ணம். 'ஸ்கேர்ட் ஸ்ட்ரெய்ட்' என்ற பெயரில் 1978இல் அதைப் பற்றி ஓர் ஆவணப்படம் வந்தது. சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் விருதையும் பெற்றது. படத்தைப் பார்த்த பல ஊர்கள் அதே திட்டத்தைத் தொடங்கின. பின்னர், குலுக்கல் முறையில் பையன்களை இரு குழுவாகப் பிரித்துச் செய்த சோதனைகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தபோது, சிறைக்குப் போய் மிரண்டு வந்த பையன்கள் போகாதவர்களைவிடக் கூடுதலாகக் குற்றம் செய்தது தெரியவந்தது. ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தாலே நன்மையாக இருந்திருக்கும் என்பது ஆய்வாளர்களின் முடிவு. விருது திரைப்படத்துக்குத்தானே, திட்டத்துக்கு அல்லவே என்று நீங்கள் சொல்லலாம். கைதட்டல் காதில் விழுந்தவர்கள் அந்த வேறுபாட்டைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1939இல் கேம்பிரிட்ஜ், சோமர்வில் என்ற இரு ஊர்களில் ஐந்நூற்றுச் சொச்சம் சிறுவர்களைத் தேர்ந்து, பாதிப்பேருக்குப் பல ஆண்டுகள் ஆலோசனையும் கல்வி உதவியும் கோடைக்கால முகாமும் கொடுத்தார்கள். ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அவர்களைத் தேடிப்போய்க் கேட்டபோது, உதவி பெற்றவர்களில் பெரும்பாலானோர் அது தங்களுக்கு நன்மை செய்தது என்றே சொன்னார்கள். பதிவேடுகளோ, பல அளவுகோல்களில் அவர்கள் உதவி பெறாதவர்களைவிட மோசமான நிலையில் இருந்ததைக் காட்டின. பயன்பெற்றவரின் மனமார்ந்த நன்றிக் கடிதம் ஒரு விண்ணப்பத்தோடு வந்தால், எந்த நடுவர் குழு அதைப் புறந்தள்ளும்? என்னைக் கேட்டால், அந்தக் குழுவில் நான் இருந்திருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

எண்சுவடி

புள்ளியியல் என் பிழைப்பு. எதிர்க்கரை அவர்களின் ஐயம் நியாயமானது. ஆனால் அதை விருதுக்கு எதிரான வாதமாகக் கொள்ளாமல், விண்ணப்பப் படிவத்துக்கான வாதமாக எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

தடுப்பு விண்ணப்பங்களில் நான் மிகுதியாகக் காண்பது ஒரே ஒரு பிழைதான். ஒரு தெருவில் வழக்கமாக மாதத்துக்கு மூன்று, நான்கு வாகனங்கள் காணாமல் போகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாதம் ஒன்பது போகின்றன. மக்கள் கொதித்தெழுந்து கூட்டம் போட்டு ரோந்துக் குழு அமைக்கிறார்கள். அடுத்த மாதம் நான்கு போகின்றன. பாதிக்கு மேல் குறைத்துவிட்டோம் என்று விண்ணப்பம் வருகிறது. உண்மையில் ரோந்துக் குழு வீட்டில் தூங்கியிருந்தாலும் எண்ணிக்கை நான்குக்கு வந்திருக்கக்கூடும். உச்சம் தொட்ட எண் தானாகவே தன் வழக்கமான அளவுக்குத் திரும்பும். ஆகவே முந்தைய மாதத்தோடு ஒப்பிடும் எந்த விண்ணப்பத்தையும் ஏற்காதீர்கள். குறைந்தது இரண்டு ஆண்டுக் கணக்கும், ஒன்றும் செய்யப்படாத ஒத்த சூழலுள்ள இன்னொரு தெருவின் கணக்கும் கேளுங்கள். இரண்டாவது தெருவிலும் அதே அளவு குறைந்திருந்தால், ரோந்துக் குழுவுக்குத் தேநீர் கொடுத்து நன்றி சொல்லிவிட்டு அடுத்த விண்ணப்பத்தை எடுக்கலாம்.

"இங்கே விரட்டினால் அங்கே போவான்" என்று எல்லாக் கூட்டங்களிலும் யாராவது சொல்வார்கள். அது பாதி உண்மைதான். கெரெட், பவர்ஸ் என்ற இருவர் 102 மதிப்பீட்டு ஆய்வுகளை எடுத்துப் பார்த்து 2009இல் வெளியிட்ட கட்டுரையில், குற்றம் இடம்பெயர்ந்ததற்கான அறிகுறி ஏறக்குறைய கால்பங்கு நேர்வுகளில்தான் தென்பட்டது. கிட்டத்தட்ட அதே அளவு நேர்வுகளில் நேர்மாறாக, நடவடிக்கை எடுக்கப்படாத பக்கத்து இடங்களிலும் குற்றம் குறைந்திருந்தது. ஆகவே படிவத்தில் பக்கத்துத் தெருவைப் பற்றிய கேள்வி அவசியம் இருக்க வேண்டும். ஆனால் அதற்கான விடை கெட்ட செய்தியாகத்தான் இருக்கும் என்று முன்கூட்டியே முடிவுகட்ட வேண்டியதில்லை.

அண்டை அயலார் கண்காணிப்புக் குழுக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவற்றைக் குறித்த ஆய்வுகளைத் தொகுத்து பென்னட், ஹாலோவே, ஃபாரிங்டன் ஆகியோர் 2008இல் வெளியிட்ட அறிக்கை, குற்றம் 16 முதல் 26 விழுக்காடு வரை குறைந்ததோடு அவை தொடர்புற்றிருப்பதாகச் சொல்கிறது. மதிக்கத்தக்க அளவுதான். ஆனால் "எங்கள் குழு வந்தபின் குற்றமே இல்லை" என்று எழுதும் விண்ணப்பத்தைக் கண்டால் நான் முதலில் தேடுவது, புகார் கொடுக்கும் வழி அடைபட்டுவிட்டதா என்பதைத்தான். மக்களுக்கு நம்பிக்கை வளர்ந்தால் பதிவாகும் புகார்கள் முதலில் கூடும்; குறைந்தால்தான் சந்தேகப்பட வேண்டும் என்று சொல்லத்தக்க இடங்களும் உண்டு, குறிப்பாக வீட்டுக்குள் நடக்கும் வன்முறையில்.

அகல்

எண்சுவடி கடைசியாகத் தொட்ட இடத்திலிருந்தே தொடங்குகிறேன். வீட்டு வன்முறையிலிருந்து தப்பி வரும் பெண்களுக்குத் துணை நிற்கும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். இங்கே இதுவரை யாரும் கேட்காத ஒரு கேள்வி உண்டு: விருது பெறுபவர் அந்த மேடையிலிருந்து இறங்கி எந்த வீட்டுக்குப் போகிறார்?

எங்களோடு தன்னார்வலராக இருந்த ஒரு அம்மா, தன் கட்டடத்தில் எந்த வீட்டில் சத்தம் கேட்டாலும் ஏதாவது ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு போய்க் கதவைத் தட்டுவார். ஊசி நூல் இருக்கிறதா, உங்கள் வீட்டில் தண்ணீர் வருகிறதா என்று ஏதாவது ஒன்றைக் கேட்பார். உள்ளே நடப்பது அந்த நிமிடத்துக்கு நின்றுவிடும். கதவு திறக்கும்போது அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துவிடுவார். பார்த்ததை மறுநாள் எங்களிடம் சொல்வார். ஒரு நிறுவனம் அவருக்குச் சமூகப் பாதுகாப்பு விருது கொடுத்தது. புகைப்படத்தோடு செய்தி வந்தது. என்ன செய்தார் என்று விரிவாகவே எழுதியிருந்தார்கள். அதற்குப் பிறகு அவர் எந்தக் கதவைத் தட்டினாலும், திறந்த ஆணின் முதல் கேள்வி, "என்ன, விருதுக்கு ஆள் தேடுகிறீர்களா?" என்பதாக இருந்தது. ஊசி நூல் அதன்பின் பலிக்கவில்லை. அவர் ஆறு மாதத்தில் அந்தக் கட்டடத்தை விட்டே போய்விட்டார்.

நல்லெண்ணத்தில் கொடுக்கப்பட்ட விருது, ஒரு நல்ல கருவியை உடைத்துவிட்டது. துப்புக் கொடுப்பவரின் பெயரைக் காப்பதன் அருமையை இந்தத் துறை எப்போதோ உணர்ந்துவிட்டது. 1976இல் அமெரிக்காவின் ஆல்புகர்க்கி நகரில் தொடங்கிய கிரைம் ஸ்டாப்பர்ஸ் அமைப்பில், தகவல் சொல்பவருக்குப் பெயர் கிடையாது, ஓர் எண் மட்டுமே. வெகுமதிப் பணமும் அந்த எண்ணுக்கே போகும். தகவல் சொல்பவருக்கு இவ்வளவு கவனம் காட்டத் தெரிந்த நாம், தடுப்பவரை மட்டும் விளக்கு வெளிச்சத்தில் நிறுத்திப் படம் பிடிப்பது எப்படி?

ஆகவே விதிமுறையில் முதல் வரியாக இது இருக்கட்டும்: பரிந்துரைக்கப்பட்டவரின் ஒப்புதல் இல்லாமல் அவருடைய பெயர் குழுவுக்கு வெளியே போகக் கூடாது, பெயரில்லாமலும் விருது பெறலாம், என்ன செய்தார் என்பதை எவ்வளவு விரிவாக வெளியிடுவது என்பதையும் அவரே தீர்மானிக்கட்டும். கலங்கரை ஐயா, அந்த நோட்டுப் புத்தக அம்மையாரிடம் யாராவது கேட்டீர்களா?

கடைசிவரிசை

எனக்கும் இப்படி ஒரு விருது கிடைத்தது. சிறப்பு விருந்தினர் ஒன்றரை மணி நேரம் பேசினார். அதில் பாதிக்கு மேல் அவருடைய இளமைக்காலச் சாகசங்கள். என் முறை வந்தபோது அரங்கில் நாற்காலி அடுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சான்றிதழில் என் பெயரின் முதலெழுத்து தவறாக இருந்தது, திருத்திக் கொடுக்கிறோம் என்று வாங்கிவைத்துக்கொண்டவர்கள் இன்னும் கொடுக்கவில்லை. அகல் அம்மா கேட்கும் பெயர் மறைப்பு எனக்கு இவ்வகையில் தானாகவே கிடைத்துவிட்டது.

பாடவேளை

மேலே உள்ள பதிவைப் படித்துச் சிரித்தேன். ஆனால் அதில் ஒரு முக்கியமான செய்தியும் இருக்கிறது. விருது ஊக்கம் தருமா என்ற கேள்விக்கு, கொடுக்கும் விதத்தைப் பொறுத்தது என்பதுதான் ஆய்வுகள் தரும் விடை. ஆசிரியர் என்பதால் இதில் எனக்குச் சற்று ஈடுபாடு உண்டு.

ஜெர்மன் மொழி விக்கிப்பீடியாவில் புதிதாகச் சேர்ந்த நாலாயிரம் பேரை எடுத்துக்கொண்டு, அவர்களில் குலுக்கலில் தேர்ந்தவர்களுக்கு மட்டும் பணமதிப்பு எதுவும் இல்லாத, வெறும் அடையாளமான ஒரு விருதைக் கொடுத்துப் பார்த்தார் யானா கல்லுஸ் என்ற ஆய்வாளர். 2017இல் வெளியான முடிவின்படி, விருது பெற்றவர்கள் அடுத்த மாதமும் தொடர்ந்து பங்களிப்பது 20 விழுக்காடு கூடியது. சம்பளம் இல்லாமல் தன்னார்வமாகச் செய்யும் வேலை என்பதால் இது நமக்கு நெருக்கமான சான்று. ஆனால் அதே கல்லுஸ் வேறு சிலரோடு சேர்ந்து, பள்ளிக்கு ஒரு மாதம் தவறாமல் வந்த மாணவர்களுக்கு முன்னறிவிப்பின்றி விருது கொடுத்துப் பார்த்தபோது, அடுத்த மாதம் அவர்களின் வருகை குறைந்தது. இவ்வளவு வருகை யாரும் எதிர்பார்க்காதது, மற்றவர்கள் இதைவிடக் குறைவாகவே வருகிறார்கள் என்ற செய்தியை அந்த விருது தன்னையறியாமல் சொல்லிவிட்டது என்பது அவர்கள் தரும் விளக்கம்.

நோட்டுப் புத்தக அம்மையாருக்கு நீங்கள் தரும் விருதும் அக்கம்பக்கத்தாருக்கு இரண்டில் எதைச் சொல்லும் என்று யோசியுங்கள். "நாங்களும் இதைச் செய்யலாம்" என்று சொன்னால் நன்மை. "விளக்கு விவகாரத்துக்கு அவர் இருக்கிறார், விருதுகூட வாங்கியிருக்கிறார்" என்று சொன்னால், மற்றவர்கள் செய்துகொண்டிருந்த கொஞ்சமும் நின்றுபோகும்.

எதிர்க்கரை

பாடவேளை சொன்னதை ஒட்டி இன்னும் ஒரு கவலை. கோல்ட்ஸ்டைன் 1979இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒரு பேருந்துக் கதையோடு தொடங்கும். நிறுத்தத்தில் வரிசையாக நிற்கும் பயணிகளைப் பார்த்துக் கையசைத்துச் சிரித்தபடியே ஓட்டுநர்கள் பேருந்தை நிறுத்தாமல் போகிறார்கள் என்று புகார். பயணிகளுக்காக நிறுத்தினால் கால அட்டவணையைக் காப்பாற்ற முடியாது என்று பதில். காவல் துறை நோக்கத்தை மறந்து வழிமுறையைக் கட்டிக்கொண்டு அழுகிறது என்பதைச் சொல்ல அவர் எடுத்த எடுத்துக்காட்டு அது. எண்சுவடி கேட்கும் இரண்டாண்டுக் கணக்கும் ஒப்பீட்டுத் தெருவும் வைத்துப் படிவம் போட்டால், அதை நிரப்பத் தெரிந்த அமைப்புகள் மட்டுமே வரும். ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஒரு காவலாளி, தன் நுழைவாயிலில் பதினைந்து ஆண்டுகளாக ஒரு திருட்டும் நடக்காமல் பார்த்துக்கொண்டவர், நிறுத்தத்திலேயே நின்றுகொண்டிருப்பார். நம் பேருந்து மட்டும் சரியான நேரத்துக்குப் போய்ச் சேரும்.

எண்சுவடி

ஏற்கிறேன். கணக்கைச் சேர்க்கும் சுமையை விண்ணப்பிப்பவர் மீது ஏற்றக் கூடாது. குழுதான் போய்ச் சேர்க்க வேண்டும். பரிந்துரைப்பவர் நான்கு வரி எழுதினால் போதும். அதிலிருந்து முதல் சுற்றில் தேறும் நான்கைந்து பேருக்காக மட்டும், காவல் நிலையத்திலும் சங்கப் பதிவேட்டிலும் கணக்கை நாமே எடுத்துப் பார்க்கலாம். வேலை கூடும்தான். ஆனால் விழாவுக்குச் செலவிடும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுத்தால் போதும் என்று நினைக்கிறேன்.

மூன்றாம்சாமம்

ஒரு முக்கியமான விஷயத்தை முன்பு சொல்ல மறந்துவிட்டேன். விருது கொடுத்த பிறகு என்ன நடக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

பாஸ்டன் நகரில் 1996இல் தொடங்கிய சீஸ்ஃபயர் நடவடிக்கை இத்துறையின் மிகப் புகழ்பெற்ற திட்டங்களில் ஒன்று. காவல் துறையினர், நன்னடத்தை அலுவலர்கள், தேவாலயப் போதகர்கள், தெருப் பணியாளர்கள் எல்லோரும் ஒன்றுசேர்ந்து, துப்பாக்கி வன்முறையில் ஈடுபட்ட குழுக்களை நேரில் அழைத்துப் பேசினார்கள். வன்முறையை நிறுத்தினால் உதவி உண்டு, தொடர்ந்தால் குழு முழுவதன் மீதும் நடவடிக்கை பாயும் என்று சொன்னார்கள். இளைஞர் கொலைகளின் மாத சராசரி 63 விழுக்காடு குறைந்ததாக மதிப்பீடு. அதில் எவ்வளவு இத்திட்டத்தால் என்று எண்சுவடி போன்றவர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள் என்பது வேறு. 1998இல் அதற்குக் கோல்ட்ஸ்டைன் விருது கிடைத்தது. 2000ஆம் ஆண்டை ஒட்டி, முன்னின்று நடத்தியவர்கள் வேறு பணிகளுக்குப் போக, திட்டம் கரைந்துபோனது. வன்முறை மறுபடி ஏறிய பிறகு, 2007இல் அதைத் திரும்பவும் உயிர்ப்பிக்க வேண்டியிருந்தது. விருதின் பலகை சுவரில் மாட்டியே இருந்திருக்கும்.

எனவே என் யோசனை: விருதை இரண்டு தவணையாகக் கொடுங்கள். முதலாண்டு அறிவிப்பு, ஓராண்டு கழித்து ஒருவர் போய்ப் பார்த்து, வேலை தொடர்கிறது என்று சொன்னால் முழு விருது. தொடரவில்லை என்றால் அவரைக் குறை சொல்ல வேண்டாம், ஏன் நின்றது என்று மட்டும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பு அடுத்தவருக்கு உதவும்.

கலங்கரை

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு உட்கார்ந்து ஒரு வரைவு எழுதினேன்.

ஐரோப்பியக் குற்றத் தடுப்பு விருதின் நிபந்தனைகளையும் தேடிப் படித்தேன். அன்றாடக் குற்றத்தையோ குற்ற அச்சத்தையோ குறைப்பதாக இருக்க வேண்டும், மதிப்பிடப்பட்டு நோக்கங்களில் பெரும்பாலானவற்றை எட்டியிருக்க வேண்டும், புதுமையானதாக இருக்க வேண்டும், பலர் கூட்டாகச் செய்ததாக இருக்க வேண்டும், பிறர் தம் ஊரில் செய்து பார்க்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்று ஐந்து. அவற்றில் 'புதுமை'யை மட்டும் நான் எடுத்துவிட்டேன். விளக்கு எரியவில்லை என்று எழுதிப் போடுவதில் என்ன புதுமை இருக்கிறது? ஆனால் செய்வதற்குத்தான் ஆள் இல்லை. கடைசி நிபந்தனையை முதலில் வைத்திருக்கிறேன். பாடவேளை கேட்ட கேள்விக்கு அதுவே ஓரளவு விடையாகும் என்று நம்புகிறேன்.

துணிச்சலுக்குத் தனியே ஒரு பாராட்டுக் கடிதம் மட்டும். தடுப்பு விருதை ஆளுக்கன்றி வேலைக்கே கொடுப்பது. அதில் கைகொடுத்த அனைவரின் பெயரும், அவரவர் ஒப்புதல் இருந்தால் மட்டும், சேரும். பரிந்துரை நான்கு வரி. கணக்கைச் சரிபார்ப்பது குழுவின் வேலை. ஓராண்டு கழித்து மறுபார்வை. சிறப்பு விருந்தினர் கிடையாது. கடைசிவரிசை அவர்களே, பெயர்களைச் சரிபார்க்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அகல் அம்மா கேட்டபடி அந்த அம்மையாரைப் போய்ப் பார்த்தேன். மேடைக்கு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். பயமா என்று கேட்டேன். அதெல்லாம் இல்லை, அந்த நேரத்தில் பேரனுக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும் என்றார். பிறகு நோட்டை எடுத்து வந்து, வேலிக் கம்பி வெட்டப்பட்ட தேதிகளைத் தனியாகக் குறித்து வைத்திருந்ததைக் காட்டினார். எல்லாமே படிக்கட்டு விளக்கு எரியாத நாட்களுக்கு அடுத்தடுத்து வருகின்றன. "இதை யாராவது பார்ப்பார்களா என்றுதான் எழுதி வைத்தேன்" என்றார். மூன்றாம்சாமம் ஐயா சொன்ன இரண்டாவது படியை அவர் யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே செய்து முடித்திருக்கிறார்.

விருதுக்குப் பதிலாக என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, அந்த ஒரு விளக்குக்குக் கம்பிக் கூடு போட்டுக் கொடுத்தால் போதும் என்கிறார். ஐந்து முறையும் யாரோ கல்லெறிந்துதான் உடைத்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அகல்

கூட்டைப் போடுங்கள். விழாவைப் பிறகு பார்க்கலாம்.

எண்சுவடி

கூடு போடும் தேதியைக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். அந்த நோட்டின் முதல் பக்கத்திலிருந்து படி எடுத்து அனுப்பினால், கம்பி வெட்டிய நாட்களையும் விளக்கு இல்லாத நாட்களையும் நான் ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்கிறேன். அடுத்த கட்டடத்துப் படிக்கட்டுக்கும் இன்றிலிருந்தே யாராவது ஒருவர் அதே நான்கு பத்திகளில் எழுதத் தொடங்கினால் நல்லது. ஓராண்டு கழித்து ஒப்பிட அது வேண்டும்.

கடைசிவரிசை

அடுத்த கட்டடத்தில் நான்தான் இருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் கட்டடத்துப் படிக்கட்டுக்கு நான் எழுதுகிறேன். பத்தித் தலைப்புகளை மட்டும் அனுப்புங்கள்.